பங்காளி வீட்டு வண்டி மோதினால் வழக்குப் போடலாமா?

கேள்வி: "ஐயா, நாங்கள் கோட்டையூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவர்கள். என் கணவருக்கு வயது 38. கல்யாண வீடுகளுக்குச் சமையல் வேலைக்குப் போகிறவர். கடந்த வைகாசியில் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணத்துக்காக விடியற்காலை நான்கு மணிக்கு என் தம்பியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனார். பள்ளத்தூருக்கு முன்னால் ஒரு வளைவில், அரிசி மூட்டை ஏற்றி எதிரே வந்த லோடு வேன் இவர் பக்கமாக ஏறி வந்து இடித்துவிட்டது. வலது காலில் தொடை எலும்பும் முழங்காலுக்குக் கீழே ஒரு எலும்பும் முறிந்து, கம்பி வைத்திருக்கிறார்கள். வேன் என் கணவருக்குப் பங்காளி முறையானவருடையது. ஓட்டியது அவருடைய அக்காள் மகன். 'போலீசுக்குப் போக வேண்டாம், நாமே பார்த்துக்கொள்ளலாம்' என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும் வண்டியிலிருந்து தானாக விழுந்ததாகவே எழுத வைத்துவிட்டார்கள். 20,000 ரூபாய் கொடுத்து, இனி எந்தப் பிரச்சினையும் செய்ய மாட்டோம் என்று 20 ரூபாய் முத்திரைத்தாளில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். நான்கு மாதம் ஆகிறது. கால் இன்னும் மடங்கவில்லை, இரண்டாவது ஆபரேஷன் வேண்டும் என்கிறார் டாக்டர். பங்காளி வீட்டில் இப்போது போனை எடுப்பதில்லை. அன்று ஹெல்மெட்டும் போடவில்லை. இனி வழக்குப் போட முடியுமா? போட்டால் நாளைக்கு நல்லது கெட்டதுக்கு முகம் பார்க்க வேண்டாமா? என் தம்பி இன்னும் அதே சாலையில் அதே நேரத்தில்தான் வேலைக்குப் போகிறான். அதை நினைத்தாலும் பயமாக இருக்கிறது."

பதில்:

அம்மா, வழக்குப் போட முடியும். அதற்கான காலம் இன்னும் முடியவில்லை. ஆனால் உங்கள் கையில் இருப்பது ஏறத்தாழ இரண்டு மாதம் மட்டுமே என்பதால், இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, விபத்து நடந்த எல்லைக்குரிய காவல் நிலையத்தில் உங்கள் கணவரின் கையெழுத்தோடு எழுத்துப்பூர்வமான புகார் ஒன்றைக் கொடுப்பது. அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, அதைக் கடைசியில் சொல்கிறேன். மற்றவை எல்லாம் புகாருக்குப் பிறகு.

முகம் பார்க்க வேண்டாமா என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்தப் பகுதியில் நான் பார்த்த விபத்து வழக்குகளில் பாதிக்கு மேல் தாமதமானதற்குக் காரணம் சட்டம் தெரியாமை அன்று, இந்தக் கேள்விதான். வழக்கு என்றால் பங்காளியின் வீட்டையோ நிலத்தையோ எழுதி வாங்குவது என்று நம் ஊரில் ஓர் எண்ணம் இருக்கிறது. மோட்டார் வாகன விபத்து இழப்பீடு அப்படிப்பட்டதே அன்று. சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு இருந்தே ஆக வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 146-ஆவது பிரிவு சொல்கிறது. அந்தக் காப்பீடு வேனுக்காக எடுக்கப்படுவதில்லை. வேனால் அடிபடக்கூடிய உங்கள் கணவரைப் போன்றவருக்காக எடுக்கப்படுவது. பங்காளி ஆண்டுதோறும் கட்டிவரும் பிரீமியத்தின் ஒரு பகுதி இந்த ஒரு நாளுக்காகத்தான். எனவே மனுவில் அவர் பெயர் எதிர்மனுதாரராக வந்தாலும், காப்பீடும் ஓட்டுநர் உரிமமும் ஒழுங்காக இருக்கும் பட்சத்தில் பணம் கொடுக்கப்போவது காப்பீட்டு நிறுவனம். உண்மையில் அவருடைய சொந்தக் கையை விட்டுப் போன பணம் அந்த 20,000 மட்டுமே. அன்றே காவல் நிலையத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் சொல்லியிருந்தால் அதைக்கூட அவர் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு விதிவிலக்கையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வண்டி ஓட்டிய பையனுக்கு உரிமமே இல்லாமலிருந்தால், பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனம் முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று, இந்த வழக்குகளை விசாரிக்கும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் உத்தரவிடும். அப்போது சுமை கடைசியில் பங்காளி தலையில்தான் வந்து விழும். அவர்கள் இவ்வளவு அவசரமாக முத்திரைத்தாள் எழுதியதைப் பார்த்தால், பயம் அந்தப் பக்கத்தில் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது. உரிமம் இருந்து, அது சரக்கு வண்டிக்கென்று தனியாக எழுதப்படாத சாதாரண இலகுரக வாகன உரிமம் என்றால் கவலை இல்லை. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டியை அந்த உரிமத்தோடு ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. சிறிய லோடு வேன்கள் எல்லாம் இந்த அளவுக்குள் அடங்கிவிடும். வண்டியின் பதிவெண் உங்களிடம் இருக்குமானால், எம்பரிவாகன் செயலியில் அதைப் போட்டுக் காப்பீடு எந்தத் தேதி வரை செல்லும் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

குற்ற வழக்கு என்று ஒன்றும் உண்டு. அது ஓட்டியவர் மீது வரும். அசட்டையாக வண்டி ஓட்டியதற்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆவது பிரிவும், அதனால் கொடுங்காயம் ஏற்பட்டதற்கு 125-ஆவது பிரிவின் இரண்டாம் கூறும் பொருந்தும். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயமே. இதற்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பையனைச் சிறைக்கு அனுப்புவது உங்கள் நோக்கம் அன்று என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் முதல் தகவல் அறிக்கை இல்லாமல் இழப்பீட்டு மனுவை நிற்க வைப்பது மிகவும் கடினம் என்பதால், இந்த இரண்டையும் பிரித்துக்கொள்ள வழியில்லை.

இனி அந்த முத்திரைத்தாள். அதைக் கண்டு நீங்கள் இவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. காயம்பட்டவர் உங்கள் கணவர். இழப்பீடு கேட்கும் உரிமையும் அவருடையது. அவர் மருத்துவமனையில் படுத்திருக்கும்போது, அவர் அதிகாரம் கொடுக்காமல் மனைவி போட்ட கையெழுத்து அவருடைய உரிமையை விட்டுக்கொடுத்ததாகாது. ஒருவர் தம் உரிமைக்காக நீதிமன்றத்தை அணுகவே கூடாது என்று முழுமையாகத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 28-ஆவது பிரிவும் சொல்கிறது. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதிய தாள் காவல் நிலையத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஒன்று: 20,000 ரூபாய் வாங்கியதை மறைக்காதீர்கள். புகாரிலும் மனுவிலும் இன்ன தேதியில், இன்னார் மூலம், மருத்துவச் செலவுக்காக இவ்வளவு வாங்கினோம் என்று நீங்களே எழுதிவிடுங்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் அந்தத் தாளை எடுத்து நீட்டும்போது நீங்கள் ஏற்கெனவே சொன்ன செய்தியாக அது இருந்தால் அதற்கு வலு இல்லை; மறைத்த செய்தியாக இருந்தால் நீங்கள் சொல்லும் மற்ற உண்மைகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும். தாளின் நகல் உங்களிடம் இல்லை என்று நினைக்கிறேன். எழுதியவர் யார், சாட்சி போட்டவர்கள் யார் என்பதையாவது இப்போதே நினைவுபடுத்திக் குறித்து வையுங்கள்.

உங்கள் வழக்கில் உண்மையிலேயே எனக்குக் கவலை தருவது முத்திரைத்தாளோ ஹெல்மெட்டோ அன்று. 'தானாக விழுந்தார்' என்று மருத்துவமனையில் எழுதப்பட்ட அந்த ஒரு வரிதான். விபத்தில் அடிபட்டவரைக் கொண்டுவந்தால் மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் பதிவார்கள். நீதிமன்ற வழக்கில் அதை ஏ.ஆர். காப்பி என்போம். எத்தனை மணிக்கு, யார் கொண்டுவந்தார்கள், எப்படி அடிபட்டதாகச் சொன்னார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் கேட்டு வாங்கும் ஆவணம் அதுவே. போலி விபத்து வழக்குகளால் சூடுபட்ட நிறுவனங்கள், தாமதமான புகாரையும் 'தானாக விழுந்தார்' என்ற பதிவையும் ஒன்றாகப் பார்த்தால், வேனே இந்த விபத்தில் இல்லை, பிறகு ஜோடிக்கப்பட்டது என்றுதான் வாதாடும். அது அவர்கள் தொழில்; அதை எதிர்கொள்ளும் ஆயத்தம் நம்மிடம் இருக்க வேண்டும்.

அதற்கு முதலில் ஏ.ஆர். காப்பியை வாங்கி, கொண்டுவந்தவர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அங்கே பங்காளியின் பெயரோ அவர் வீட்டு ஆள் ஒருவரின் பெயரோ இருக்குமானால், அந்தப் பதிவே உங்களுக்குச் சாட்சியாக மாறிவிடுகிறது: தானாக விழுந்தவரை விடியற்காலை நான்கு மணிக்கு வேன்காரர் வீட்டு ஆள் தூக்கிக்கொண்டு வர வேண்டிய காரணம் என்ன என்று நாம் கேட்கலாம். 108 ஆம்புலன்ஸில் கொண்டுபோயிருந்தால், அழைப்பு எந்த எண்ணிலிருந்து வந்தது, என்ன சொல்லி அழைத்தார்கள், எந்த இடத்தில் ஏற்றினார்கள் என்பதற்கும் பதிவு இருக்கும். உங்கள் தம்பி நேரில் கண்ட சாட்சி. உறவினர் என்பதற்காகவே அவர் சாட்சியத்தைத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் அவரும் அதே வண்டியில் இருந்தவர். அவருக்குச் சிராய்ப்பு அளவிலாவது காயம் ஏற்பட்டு எங்காவது கட்டுப்போட்டிருந்தால், அந்தச் சீட்டையும் தேடி எடுங்கள். இடிபட்ட மோட்டார் சைக்கிளை இன்னும் சரிசெய்யாமல் வைத்திருந்தால் அப்படியே இருக்கட்டும். எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது என்பது ஒரு மனிதன் பேசுவதைவிடத் தெளிவாகப் பேசும். சாலையோரக் கடைகளிலும் பெரிய வீடுகளிலும் கேமரா வைத்திருப்பார்கள், ஆனால் நான்கு மாதப் பதிவு அழியாமல் இருக்க வாய்ப்புக் குறைவு. கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. அன்றைய முகூர்த்த வீட்டுக்காரரும், சமையல் குழுவைக் கூட்டிப்போன மாஸ்டரும் காலையில் என்ன செய்தி கேட்டார்கள் என்பதும் முக்கியம். 'வேன் இடித்துவிட்டதாம்' என்று அன்று காலையிலேயே அவர்களுக்குப் போன் வந்திருந்தால், அது பிறகு புனைந்த கதை அன்று என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை.

புகாரில் தாமதத்துக்கான காரணத்தை மழுப்பாமல் எழுதுங்கள். உடல்நிலை சரியில்லை என்று பொதுவாக எழுதுவதைவிட, வேன் உரிமையாளர் உறவினர் என்பதால் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று நம்பினோம், மருத்துவமனையில் விபத்தை மாற்றிச் சொன்னவர்கள் இன்னார், இப்போது அவர்கள் பேச மறுக்கிறார்கள் என்று நடந்ததை நடந்தபடி எழுதுவதே சரி. ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம், விபத்து நடந்த உடனே சாதாரண மனிதர் காவல் நிலையத்துக்கு ஓட வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது, அடிபட்டவரைக் காப்பாற்றுவதே அந்த நேரத்தில் பெரிதாகத் தெரியும், ஆகவே நம்பத்தகுந்த காரணம் இருந்தால் தாமதம் ஒன்றை மட்டும் வைத்து இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்ற பொருள்படத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இந்தத் தீர்ப்பு உங்களுக்குப் பெரிதும் துணை நிற்கும்.

காவல் நிலையத்தில் மனுவை வாங்கிக்கொண்டு, மனு வந்தது என்பதற்கு மட்டும் அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினால் அதோடு திரும்பிவிடாதீர்கள். நமக்கு வேண்டியது முதல் தகவல் அறிக்கை. பதிவு செய்ய மறுத்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவின் நான்காம் உட்பிரிவின்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் புகாரைத் தபாலில் அனுப்பலாம். அதன் பிறகும் நடவடிக்கை இல்லையென்றால் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தை அணுகலாம். தபால் ரசீதும் ஒப்புகையும் பத்திரமாக இருக்கட்டும். வழக்குப் பதிவானதும் வேனை மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து அறிக்கை தர வேண்டும். வேனை இதற்குள் பட்டறையில் விட்டுச் சரிசெய்திருப்பார்கள் என்றாலும், பட்டறைக்குப் போனதே ஒரு தடயம்தான்.

புதிய விதிகளின்படி காவல் துறையே முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்திலும் விரிவான விபத்து அறிக்கையை 90 நாளிலும் தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும். அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நான்கு மாதம் கழித்துப் பதிவாகும் வழக்கில் அந்த அறிக்கையை நம்பிக் காத்திருக்கும்படி நான் சொல்ல மாட்டேன். 2019-இல் திருத்தப்பட்டு 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த, மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்கிறது. அந்தக் கட்டுப்பாடு செல்லுமா என்பதே உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது என்பது உண்மை. அதை நம்பி ஒருவர் நாளைக் கடத்துவது, தண்டவாளத்தில் நின்றுகொண்டு ரயில் தாமதம் என்ற அறிவிப்பை நம்புவது போன்றது. முதல் தகவல் அறிக்கை கைக்கு வந்த வாரத்திலேயே மனுவைப் போட்டுவிடுங்கள். இரண்டாவது அறுவை சிகிச்சை முடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம்; அந்தச் செலவு ரசீதுகளை விசாரணையின்போது சேர்த்துக்கொள்ளலாம், எதிர்கால மருத்துவச் செலவு என்று தனித் தலைப்பிலும் கேட்கலாம். விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் இடம், எதிர்மனுதாரர் இருக்கும் இடம் இவற்றில் எதற்குரிய தீர்ப்பாயத்திலும் மனுப் போடலாம் என்பதால், மதுரைக்கோ சென்னைக்கோ அலைய வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை, மாவட்டத்துக்குள்ளேயே முடியும்.

இடையில் யாராவது வந்து, தவறு யாருடையது என்று நிரூபிக்கவே வேண்டாம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் உடனே கிடைக்கும், வாங்கித் தருகிறேன் என்று சொல்லலாம். அது பொய் அன்று. 164-ஆவது பிரிவில் அப்படியொரு வழி இருக்கிறது. இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். ஆனால் காப்பீட்டு நிறுவனத்திடம் அந்தத் தொகையைப் பெற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் உள்ள உங்கள் மனு காலாவதியாகிவிடும். உங்கள் கணவரின் நிலையில் அது நட்டமான பேரம் என்பதைக் கீழே உள்ள கணக்கைப் பார்த்தால் புரியும்.

ஹெல்மெட் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹெல்மெட் போடாதது 194டி பிரிவின்படி குற்றம்; 1,000 ரூபாய் அபராதமும் மூன்று மாத உரிம இடைநீக்கமும் அதற்குண்டு. ஆனால் முறிந்தது கால். தலையில் ஹெல்மெட் இருந்திருந்தால் தொடை எலும்பு முறிந்திருக்காது என்று எந்த வழக்கறிஞரும் வாதாட முடியாது. காயத்துக்கும் அந்தக் குறைக்கும் தொடர்பு இருந்தால்தான் இழப்பீட்டில் கழிவு வரும்.

இழப்பீடு எவ்வளவு என்பதற்கு வருகிறேன். உங்களைப் போன்றவர்கள் அதிகம் இழப்பது இங்கேதான். ஒரு பக்கம் மருத்துவ ரசீது, உதவியாளர் செலவு, போக்குவரத்து, கூடுதல் ஊட்டச்சத்து, வலி வேதனை என்று தலைப்புகள் இருக்கின்றன. அவற்றுக்கு ரசீது இருந்தால் போதும். பெரிய தொகை வருவது, சம்பாதிக்கும் திறனை இழந்ததற்காக. அதைத் தீர்மானிப்பவை வயது, வருமானம், ஊனத்தின் அளவு ஆகிய மூன்றும். வயதுக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழைத் தேடி எடுங்கள். ஆதார் அட்டையை மட்டும் வயதுக்குச் சான்றாகக் கொள்ள முடியாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் கணவருக்கு 38 என்பது உறுதியானால், உச்ச நீதிமன்றம் சர்லா வர்மா வழக்கில் வகுத்த அட்டவணைப்படி, ஆண்டு வருமானத்தைப் பெருக்குவதற்கு 15 என்ற எண் கிடைக்கும். நாற்பதைத் தாண்டியதாக வைத்துவிட்டால் அது 14 ஆகக் குறையும். அதைவிடப் பெரிய இழப்பும் ஒன்று இருக்கிறது. சுயதொழில் செய்பவர் நாற்பது வயதுக்குக் கீழே இருந்தால் எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் கூட்டிக்கொள்ளலாம், நாற்பதிலிருந்து ஐம்பது வரை 25 சதவீதம்தான் என்று 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் வகுத்திருக்கிறார்கள். ஆதாரில் பிறந்த ஆண்டு தவறாகப் பதிந்திருப்பது நம் பக்கத்தில் எத்தனை வீடுகளில் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

வருமானத்துக்குச் சம்பளச் சீட்டு இல்லையே என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் நினைத்திருப்பீர்கள். சமையல் வேலைக்கு யார் சீட்டுக் கொடுக்கிறார்கள்? மாஸ்டரின் கணக்கு நோட்டில் எந்தெந்த முகூர்த்தத்துக்கு யார் யார் வந்தார்கள், ஆளுக்கு எவ்வளவு கூலி என்று எழுதியிருப்பார். அதன் நகலோடு அவரையே சாட்சியாக அழைக்கலாம். கூலி கைப்பேசி வழியாக வங்கிக் கணக்கில் வந்திருந்தால் அந்தப் பட்டியல், அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான ஈ-ஷ்ரம் அட்டை, தொழிலாளர் நல வாரியப் பதிவு இருந்தால் அது, எல்லாமே உதவும். எதுவுமே இல்லையென்றால் தீர்ப்பாயமே ஒரு தொகையை ஊகித்து வைக்கும். அது பெரும்பாலும் உண்மை வருமானத்தைவிடக் குறைவாகவே இருக்கும்.

ஊனத்தின் அளவில்தான் மிகவும் கவனம் வேண்டும். மருத்துவக் குழு சான்றிதழில் ஒரு சதவீதம் எழுதுவார்கள். அந்தச் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பு வேறு என்று ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. முழங்கால் முழுதாக மடங்காத ஒருவர் வங்கியில் கணக்கு எழுதுபவராக இருந்தால் அவருடைய சம்பளத்தில் பெரிதாக ஒன்றும் குறையப்போவதில்லை. உங்கள் கணவரோ கோட்டை அடுப்பின் முன்னால் விடிய விடிய நிற்க வேண்டும்; இரண்டு பேர் சேர்ந்து பிடிக்கும் சாதத் தேக்சாவை இறக்கிக் கஞ்சி வடிக்க வேண்டும்; காய் நறுக்க, அரிசி களைய, பலகாரம் போடக் குந்தி உட்கார வேண்டும். சான்றிதழில் 10 சதவீதம் என்று இருந்தாலும் தொழிலில் இழப்பு அதைப் போல மூன்று மடங்கு இருக்கலாம். இதைத் தீர்ப்பாயத்துக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். அறுவை செய்த மருத்துவரையும் சமையல் மாஸ்டரையும் விசாரிக்காமல் சான்றிதழை மட்டும் தாக்கல் செய்துவிட்டு அமரும் வழக்குகளில் அது நடப்பதில்லை. எடுத்துக்காட்டுக்கு மட்டும் ஒரு கணக்குப் போடுகிறேன். மாத வருமானம் 12,000 என்று தீர்ப்பாயம் வைத்தால், 40 சதவீதம் கூட்டி 16,800, ஆண்டுக்கு 2,01,600, 15-ஆல் பெருக்கினால் 30,24,000. இழப்பு 10 சதவீதம் என்றால் இந்தத் தலைப்பில் கிடைப்பது 3,02,400. 30 சதவீதம் என்றால் 9,07,200. ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட இந்த வித்தியாசம், அடுப்படியில் உங்கள் கணவர் செய்த வேலை என்ன என்பதை எவ்வளவு தெளிவாக விளக்குகிறோம் என்பதைப் பொறுத்தது.

இவ்வளவு தொகை என்றதும் வழக்கை எடுத்துக்கொள்கிறேன், கிடைப்பதில் இத்தனை சதவீதம் கொடுங்கள் என்று ஏஜெண்டுகள் வருவார்கள். மருத்துவமனை வாசலிலேயே காத்திருப்பவர்களும் உண்டு. வெற்றியில் பங்கு என்று வழக்கறிஞர் கட்டணம் பேசுவதை இந்திய வழக்கறிஞர் கழகத்தின் விதிகளே தடை செய்கின்றன. என் தொழிலில் உள்ளவர்கள் எல்லோரும் அதை மதிக்கிறார்கள் என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். கட்டணம் கொடுக்க இயலாவிட்டால் நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப்பணிகள் குழுவை அணுகுங்கள், அல்லது 15100 என்ற எண்ணை அழையுங்கள். வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தருவார்கள். வழக்கு ஓரளவு நகர்ந்த பிறகு லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாமா என்று கேட்பார்கள். நல்ல தொகை என்றால் முடித்துக்கொள்ளலாம், பணமும் விரைவில் வரும். ஆனால் அங்கே முடிந்ததற்கு மேல்முறையீடு கிடையாது என்பதால், மருத்துவக் குழு சான்றிதழ் வருவதற்கு முன்னால் அந்தப் பேச்சுக்கு இசையாதீர்கள்.

உங்கள் தம்பியைப் பற்றி. முகூர்த்த நாளில் சமையல்காரர்கள் போகும் நேரமும், அரிசி, காய்கறி லோடு வண்டிகள் ஓடும் நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. இரண்டு பக்கத்திலும் தூக்கம் கெட்ட ஆள்கள். ஊருணிக்கரை வளைவுகளில் விளக்கும் இருப்பதில்லை. தைப்பூச நேரத்தில் பழனிக்கு நடக்கும் காவடிக்காரர்கள் பையிலும் கம்பிலும் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொண்டு நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே பட்டை மோட்டார் சைக்கிளின் முன்னும் பின்னும், ஹெல்மெட்டிலும் ஒட்டச் சொல்லுங்கள். சில்லறைச் செலவுதான். கரண்டிக் கட்டையும் பாத்திரத்தையும் பின்னால் இருப்பவர் மடியில் பிடித்துக்கொண்டு போவதை விட்டுவிட்டு, சாமான் போகும் வண்டியிலேயே ஆள்களையும் முதல் நாள் இரவே அனுப்பும்படி மாஸ்டரிடம் கேட்கலாம். ஆனால் சாமான் வண்டியின் பின்புறத்தில் ஆள் உட்கார்ந்து போவது கூடாது, அதில் அடிபட்டால் காப்பீடு கேட்பதே பெரும் வழக்காகிவிடும். அந்த வளைவில் விளக்கும் எச்சரிக்கைப் பலகையும் கேட்டு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு ஊரார் கையெழுத்தோடு ஒரு மனுக் கொடுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலை அதோடு இணைத்தால் மனுவுக்கு எடை கூடும். எங்காவது விபத்து என்றால் முதலில் 108. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் இலவசம் என்பது உங்கள் தம்பியின் குழுவில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பணத்துக்குப் பயந்து வண்டிக்காரர் சொன்னபடி எழுத வைக்கும் நிலை அப்போது வராது.

புகார் கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு முறை பங்காளி வீட்டுக்கு, போனில் வேண்டாம், நேரில் போய் வாருங்கள். நீங்களும், இரு வீட்டுக்கும் பொதுவான ஒரு பெரியவரும் போனால் போதும். பணம் கேட்க வேண்டாம். காப்பீட்டுப் பாலிசியின் நகலையும் ஓட்டியவரின் உரிம நகலையும் கேளுங்கள். விபத்தை உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாலிசி நிபந்தனையை மீறியதாகச் சொல்லி நிறுவனம் பின்னால் உங்கள் மீதே திரும்பும் என்று சொல்லுங்கள். இது அவர் நன்மைக்காகச் சொல்வதும்தான், அவருக்கு ஒரு வழக்கறிஞர் இருந்தால் அவரும் இதையே சொல்வார். நகல்களைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், மறுநாள் காலையில் புகார் காவல் நிலையத்துக்குப் போய்விட வேண்டும்.